மாரம்மா ‘இல்லி’ என்றாள்

அம்மனை நம்பி வாழ்கிற எல்லாருக்கும் ஓசூரிலிருந்து ஈஸ்வரி எழுதுவது. எங்கள் வெள்ளிக்கிழமை விளக்கு பூஜையில் இந்த அனுபவத்தை நான் வாயால் சொல்லிக் கேட்டவர்கள், எழுதிக் கொடுத்தால் வெளியூரில் இருப்பவர்களும் படிப்பார்கள் என்றார்கள். அதனால் எழுதுகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாகக் கிடந்த பிள்ளை அம்மன் அருளால் எழுந்து நடந்தாள் என்று சொல்கிற சாட்சி இது இல்லை. என் பிள்ளை எழுந்து நடக்கவில்லை. என் ஒரே மகள் பவித்ரா பத்தொன்பது வயதில் இறந்துபோனாள். வேறு மாதிரி எதிர்பார்த்து எடுத்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஆனாலும் கடைசி வரை படியுங்கள்.

எங்களுக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம். கல்யாணமான கையோடு ஓசூருக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் இங்கே வண்டி உதிரிப்பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஷிப்டு முடிந்து வந்தால் சாப்பாடு, தூக்கம். அதிகம் பேச மாட்டார். நானும் வெளியே அதிகம் போனவள் இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் தெலுங்கு, பாதிப் பேர் கன்னடம், இடையில் எங்களைப் போலத் தெற்கிலிருந்து வந்தவர்கள். எல்லாருக்கும் எல்லாம் புரியும், எனக்கு மட்டும் புரியாது.

வீட்டுக்கார அம்மா பெயர் ரத்னம்மா. கீழே அவர், மாடியில் நாங்கள். தமிழில் ஆரம்பித்துப் பாதியில் கன்னடத்தில் இறங்கிவிடுவார். நாங்கள் குடிவந்து சில வருடம் கழித்து ஒரு யுகாதிக்கு ஒப்பட்டு கொண்டுவந்து தந்தார். நம் ஊர் போளிதான். தட்டில் இரண்டு வைத்துவிட்டு, “சாக்கா?” என்று கேட்டார். ஏதோ அரிசி, பருப்பு கட்டத்தான் கேட்கிறார் என்று நான் உள்ளே போய் ஒரு சாக்கை உதறி எடுத்துவந்து நீட்டினேன். அப்போது பவித்ரா பள்ளிக்கூடம் சேர்ந்த புதுசு. தெருப் பிள்ளைகளோடு விளையாடியே மூன்று பாஷையும் பிடித்துவைத்திருந்தாள். “அம்மா, சாக்கான்னா போதுமான்னு அர்த்தம்மா” என்று தரையில் உருண்டு சிரித்தாள். ரத்னம்மா அக்காவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றோடு கன்னடம் கற்றுக்கொள்ளலாம் என்கிற ஆசையை விட்டேன். எதற்குக் கற்க வேண்டும், பவித்ராதான் இருக்கிறாளே என்று ஆகிவிட்டது. காய்கறிக்காரர், கேஸ்காரர், தையல்கடை எல்லாரிடமும் எங்களுக்காக அவள்தான் பேசுவாள். எங்கள் வீட்டுக்கே வாய் அவள்தான்.

பாலிடெக்னிக் முடித்து ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த வருடம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டது, திரும்ப வந்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. இங்கே ரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு உடனே பெங்களூருக்குப் போகச் சொன்னார்கள். ரத்தப் புற்று.

பெங்களூரில் தமிழ் தெரியாதவர் யார் என்று கேட்பீர்கள். ஆட்டோக்காரருக்குத் தெரியும், இட்லிக் கடைக்காரருக்குத் தெரியும். எங்களுக்கு வாய்த்த டாக்டருக்குத் தெரியாது. நல்ல மனுஷன், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. விவரம் தெரிந்த பெரியவர் யாராவது கூட இருக்கிறார்களா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாராம். என்னிடமே சொல்லுங்கள், நான் சின்னப் பிள்ளை இல்லை என்று பவித்ரா சொல்லிவிடுவாளாம். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: டாக்டர் வந்து நிறையப் பேசுவார், இவள் தலையாட்டிக் கேட்பாள், அவர் போனதும் எங்கள் பக்கம் திரும்பிக் கொஞ்சமாகச் சொல்வாள்.

“மருந்து கேக்குதாம்மா. கொஞ்சம் நாளாவுமாம்.”

அவர் பேசியது அவ்வளவு நேரம், இவள் சொன்னது இவ்வளவுதானா என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. கன்னடம் நீளமான பாஷை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே பேசினார். பவித்ரா ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், “வீட்டுக்குப் போலாம்னு சொல்லிட்டாங்கம்மா” என்றாள். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் கீழே போய் நர்சுகளுக்கு லட்டு வாங்கிவந்து கொடுத்தார். ஒரு நர்சு அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பவித்ரா பொய் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகத்தான் சொன்னார்கள். எதற்கு என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ரத்னம்மா அக்கா பார்க்க வந்தார். இரண்டு பேரும் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். பவித்ரா சாதாரணமாகத்தான் பேசினாள், நடுவில் சிரிக்கக்கூடச் செய்தாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். என்னக்கா என்றேன். தூசு என்றார். சாகப் போவதை என் மகள் என் முன்னாலேயே சொல்லியிருக்கிறாள், எனக்குத் தெரியாத பாஷையில். அம்மாவிடம் சொல்லாதீங்க, இருக்கும் வரைக்கும் என்னோடு சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாளாம். காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகுதான் அக்கா இதை என்னிடம் சொன்னார். எனக்கு அக்கா மேல் கோபம் வரவில்லை. மகள் மேலும் வரவில்லை. கோபமெல்லாம் அம்மன் மேல் வந்தது.

நான் சின்ன வயதிலிருந்து மாரியம்மனைக் கும்பிடுகிறவள். எங்கள் ஊரில் தீச்சட்டி எடுத்திருக்கிறேன். பவித்ரா படுத்திருந்த நாளெல்லாம் ஒருவேளைதான் சாப்பிட்டேன், மஞ்சள் சேலைதான் கட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றுவதை நிறுத்தினேன். சமைப்பதை நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து வந்து ரசம் வைப்பார். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, “ரெண்டு வாயி சாப்புடு தாயி” என்பார். எழுந்து குளிக்கக்கூடத் தோன்றாத நாட்கள் அவை. சாக வேண்டும் என்று நான் திட்டம் ஒன்றும் போடவில்லை. இருக்க வேண்டும் என்ற திட்டமும் இல்லை. நெஞ்சுக்குள் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது: என் பிள்ளை எங்கே? எரித்தது தெரியும். சாம்பல் கரைத்தது தெரியும். அதற்குப் பிறகு அவள் எங்கேதான் இருக்கிறாள், எங்கேயாவது இருக்கிறாளா?

தை மாதம் ரத்னம்மா அக்கா வந்து கையைப் பிடித்தார். “பாம்மா, வா, எங்க மாரம்மா கோயில்ல பூ கேட்டுட்டு வந்துரலாம். மனசுல இருக்கறத நீ கேளு. அவ என்ன சொல்றாளோ சொல்லட்டும்.”

தளி ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு ஊர். நம் மாரியம்மன் அங்கே மாரம்மா. அம்மன் மேல் பூசாரி ஈரப் பூவை ஒட்டவைப்பார். வேண்டுகிறவர் வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்து மனசுக்குள் கேட்க வேண்டும். பூ வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். அக்கா வழியெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் கேட்கப் போகிற கேள்விக்கு வலமும் இடமும் பதில் ஆகாது என்று அவரிடம் சொல்லவில்லை. கண்ணை மூடி முந்தானையை விரித்து உட்கார்ந்தேன். எங்கேடி என் பிள்ளை என்றுதான் கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை.

மணி அடித்துக்கொண்டிருந்தது. உடுக்கைச் சத்தம் வேறு. திடீரென்று பூசாரி உரக்கச் சொன்னார்:

“இல்லி. இல்லி.”

இல்லே, இல்லே. என் காதில் அப்படித்தான் விழுந்தது. எங்கே என்று கேட்டேன், இல்லை என்றாள். அவ்வளவுதான். நான் கண்ணைத் திறந்து எதையும் பார்க்கவில்லை, எழுந்து வெளியே வந்து செருப்பை மாட்டினேன். அக்கா பின்னாலேயே ஓடிவந்து ஒரு மஞ்சள் சாமந்தியை என் கையில் வைத்தார். “நல்ல எடத்துல விழுந்துச்சும்மா பூ” என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பஸ்ஸில் ஜன்னல் கம்பிக்கு வெளியே அந்தப் பூவை விட்டேன்.

இத்தனை வருடம் ஓசூரில் இருந்தும் பூசாரி சொன்ன அந்தக் கன்னடச் சொல் தெரியாதா என்று கேட்பீர்கள். சந்தையிலும் பஸ்ஸிலும் ஆயிரம் தடவை காதில் விழுந்திருக்கும். அப்போதெல்லாம் கேட்டுக்கொள்ள பவித்ரா பக்கத்தில் இருந்தாள். துக்கத்தில் இருக்கிறவளுக்குத் தாய்ப் பாஷை மட்டும்தான் கேட்கும் போல.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. படுத்திருந்தேன். வீட்டுக்காரர் வைத்த ரசத்தைப் பாதி குடித்தேன். சித்திரை வெயிலில் ஒரு நாள் குழாயடியில் மயங்கி விழுந்தேன். ரத்தமே இல்லை, வெளுத்துப்போயிருக்கிறாள் என்று ரத்னம்மா அக்கா ஆட்டோ வைத்து என்னை அத்திப்பள்ளி தாண்டி ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கர்நாடகா எல்லை அது. பவித்ரா இருந்த ஆஸ்பத்திரி இல்லை, வேறு.

அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு எதிரே ஒரு அம்மா, கூடப் பாவாடை தாவணியில் ஒரு பெண். படி ஏறி வந்ததற்கே அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது, உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. அந்த அம்மா ஒரு நர்சிடம் போய், “டாக்டர் எங்கம்மா இருக்காரு? ஊத்தங்கரையில இருந்து வர்றம்” என்றார். நர்சின் இரண்டு கையிலும் ஊசித் தட்டு. முகவாயால் பக்கத்து நாற்காலியைக் காட்டி, “இல்லி, இல்லி” என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனாள்.

அந்த அம்மா பையை எடுத்தார். “வா கண்ணு. டாக்டரு இல்லியாம். வேற நாளைக்கி வரலாம்.”

அடப்பாவமே, இவ்வளவு தூரம் வந்தும் டாக்டர் இல்லையே என்று நானும் நினைத்தேன். அவர்கள் வாசலைத் தாண்டினார்கள். ரத்னம்மா அக்கா தலையைத் திருப்பி, “அவங்க ஏன் போறாங்க? உக்காருன்னுதானே சொன்னா நர்சு?” என்றார்.

“இல்லைன்னுல்லக்கா சொல்லிட்டா.”

“இல்லன்னு எங்கம்மா சொன்னா? இல்லின்னா. இல்லின்னா இங்க.” அக்கா காலி நாற்காலியைத் தட்டிக் காட்டினார். “இல்லி. இங்க உக்காருன்னு.”

அக்கா கை நாற்காலி மேலேயே இருந்தது. எனக்கு அந்தக் கூடத்தில் இருந்த சத்தமெல்லாம் நின்றுவிட்டது. “அக்கா, அன்னைக்கிக் கோயில்ல பூ எங்க விழுந்துச்சு?” என்று கேட்டேன். எனக்கு என்ன ஆயிற்று என்று அக்கா பயந்துபோனார். “உன் மடியிலம்மா. வலமும் இல்ல, இடமும் இல்ல. நடுவுல சறுக்கி, படியில உருண்டு உன் முந்தானையில வந்து நின்னுச்சு. அதான் பூசாரி காட்டுனாரு. நான் அப்பவே சொன்னேனே.”

எங்கே என் பிள்ளை என்று கேட்டிருக்கிறேன். இங்கே, இங்கே என்று என் மடியைக் காட்டியிருக்கிறாள் மாரம்மா. நான் பூவை பஸ்ஸிலிருந்து வீசியிருக்கிறேன்.

அழுதேனா என்று கேட்டால், அழ நேரம் இல்லை. அந்த அம்மாவும் பெண்ணும் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டால் அவ்வளவுதான் என்பது மட்டும் தெரிந்தது. ரத்தம் இல்லாதவள், மயங்கி விழுந்தவள், நான் ஓடினேன். நிறுத்தத்தில் பஸ் நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்தேன். “டாக்டர் இருக்காரும்மா. இங்கதான் இருக்காரு. தப்பாக் கேட்டுட்டீங்க. நானும் தப்பாத்தான் கேட்டேன்.” அந்த அம்மா என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஆனாலும் வந்தார்.

அவர்கள் முறை வந்தபோது நாங்களும் உள்ளே போனோம். டாக்டர் கன்னடத்தில் பேசத் தொடங்கினார், நடுநடுவே இங்கிலீஷ். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. பிளஸ் ஒன் படிக்கிற அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் புரிந்திருக்கிறது. முகம் மாறியது. பிறகு அம்மா பக்கம் திரும்பி, “ஒண்ணுமில்லம்மா” என்று ஆரம்பித்தாள்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். பெங்களூர் வார்டில் எத்தனை நாள் கேட்ட குரல். நான் அவள் தோளில் கை வைத்து, “நீ சொல்லாதே கண்ணு. நீ நோயாளி. நீ சும்மா உக்காரு, இந்த அக்கா சொல்லுவாங்க” என்றேன். ரத்னம்மா அக்கா டாக்டர் சொன்னது ஒன்றையும் விடாமல் தமிழில் சொன்னார். இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது, செய்தால் நன்றாக ஆகும். அந்த அம்மா அழுதார். ஆனால் முழுதாகக் கேட்டார், கேள்வி கேட்டார். அந்தப் பெண் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சின்னப் பிள்ளை முகம் திரும்ப வந்திருந்தது. பவித்ராவுக்கு இந்த ஓய்வு கிடைக்கவில்லை.

என் முறை வந்து டாக்டர் எனக்கு இரும்புச் சத்து மாத்திரை எழுதினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை ஒழுங்காகச் சாப்பிட்டேன். உடம்பில் தெம்பு வேண்டியிருந்தது, ஏனென்றால் எனக்கு ஒரு வேலை வந்திருந்தது.

அடுத்த நாளே ரத்னம்மா அக்காவிடம் கன்னடம் படிக்க உட்கார்ந்தேன். நாற்பத்தாறு வயதில் நாக்கு வளைய மாட்டேன் என்றது. அக்கா சிரித்த சிரிப்பில் தெருவே வந்து எட்டிப்பார்த்தது. பவித்ராவின் ஸ்கூட்டர் வாசலில் துணி மூடிக் கிடந்தது. அதை ஓட்டக் கற்றுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பிரேக், பிரேக் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கல்யாணமானதிலிருந்து அவர் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

ஆடி மாதம் அந்தக் கோயிலுக்குத் திரும்பப் போனேன். அன்றைக்கு நடந்ததைப் பூசாரியிடம் சொல்லி, ஞாபகம் இருக்கிறதா என்று என் அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன். அவருக்கு ஞாபகம் இல்லை. “பூ விழுந்த எடத்தைக் காட்டுவேன்மா, எல்லாருக்கும் அதான் சொல்றது” என்றார். வழுக்குகிற கல், உருளுகிற பூ, அதில் என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டவள் நான், பதில் என் மடியில் வந்து விழுந்தது. அன்றைக்குச் சாமி முன்னால் அழுது தீர்த்தேன், சேர்த்துவைத்திருந்த அத்தனையும். வீட்டுக்கு வந்து விளக்கு ஏற்றினேன்.

இப்போது வாரத்தில் சில நாள் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பாரூரிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் நாட்டுப்புறத்துச் சனங்கள் வருவார்கள். எந்த அறை, எந்த மாத்திரை, டாக்டர் என்ன சொன்னார் என்று பாஷை மாற்றிச் சொல்வேன். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள். எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு: குறைத்துச் சொல்ல மாட்டேன். மெதுவாகச் சொல்வேன், கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன், ஆனால் முழுதும் சொல்வேன். வியாதிக்காரப் பிள்ளையே தன் அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்க்கிற நிலைமை என் கண் முன்னால் வர விடுவதில்லை.

பவித்ரா போனது எனக்குச் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். யுகாதிக்கு ஒப்பட்டு வந்தால் இன்றும் முதல் வாய் வைக்க நேரமாகிறது. ஆனால் சாப்பிடுகிறேன். பூ வைத்துக்கொள்கிறேன். போன மாதம் அந்த ஊத்தங்கரைப் பெண் ஆபரேஷன் ஆன பிறகு செக்கப்புக்கு வந்தாள். படி ஏறி வந்தவளுக்கு மூச்சு வாங்கவில்லை. ஒரு பை வேர்க்கடலை கொடுத்து, “சாக்காம்மா?” என்று கேட்டாள். என்னிடம்தான் கற்றிருக்கிறாள். நான் சிரித்த சிரிப்பில் கடலை தரையெல்லாம் சிதறியது. பவித்ரா எங்கே என்று நான் இப்போது கேட்பதில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்து இதைப் படிக்கிற அம்மா அப்பா யாராவது இருந்தால், உங்களுக்குத்தான் சொல்கிறேன். சாமியிடம் கேட்டீர்கள், இல்லை என்று பதில் வந்தது என்று திரும்பி வந்திருப்பீர்கள். இன்னொரு தடவை போய்க் கேளுங்கள். அவள் பாஷை நமக்குப் பழக்கம் இல்லை, காது தப்பாகக் கேட்டிருக்கலாம். எல்லை தாண்டி எங்கள் ஆஸ்பத்திரிக்கு என்றைக்காவது வந்தால், தமிழ்க்கார அம்மா எங்கே என்று வாசலில் யாரிடமாவது விசாரியுங்கள். இல்லி என்று கை காட்டுவார்கள். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.